கீழ்வரியிலிருந்து மேலே

கணினித் திரையின் அடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் படுக்கைவசமாக ஒட்டி நிற்கிறது. இடது கை அதைப் பிடித்திருக்கிறது. வலது கையின் சுட்டுவிரல் ஸ்கேலுக்கு மேலே தெரியும் வரியின் கடைசிச் சொல்லில் தொடங்கி, ஒவ்வொரு சொல்லாக இடப்பக்கம் நகர்கிறது. வரியின் முதல் சொல்லைத் தொட்டதும் ஸ்கேல் ஒரு வரி மேலே ஏறுகிறது. ஓரிடத்தில் விரல் நிற்கிறது. மவுஸை எடுக்கிறது, ஒரு எழுத்தை அழிக்கிறது, ஒரு எழுத்தைச் சேர்க்கிறது, மறுபடியும் திரைக்கே திரும்பிவிடுகிறது.

"ஏம்மா, போன மாசம்தான் புது மானிட்டர் வாங்கிப் போட்டேன். ஸ்கேலை வச்சுக் கீறிடாதம்மா. அப்புறம் கீறலையும் கொம்புன்னு நெனச்சு அழிச்சிக்கினு உக்காந்திருப்ப" என்றார் அச்சக முதலாளி கோதண்டபாணி.

"கீறாது சார். ஓரத்துல செலோடேப் ஒட்டியிருக்கேன்."

கைகளுக்கு உரியவர் அமல்ராணி. திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டுப் பக்கம் இருக்கும் அந்த ஆஃப்செட் அச்சகத்தில் அவர்தான் புரூஃப் பார்ப்பவர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மாதா கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கடைத் திறப்பு விழா எதுவானாலும் அவர் கண்ணில் படாமல் மெஷினுக்குப் போகாது. ஆனால் அன்றைக்கு அவர் திரையில் இருந்தது எந்த வாடிக்கையாளருடைய மேட்டரும் அல்ல. அது ஒரு மென்பொருளின் உதவிக் கையேடு.

மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போனவர்கள். பத்தாவது முடித்ததும் அமல்ராணி இந்த அச்சகத்துக்குப் பத்திரிகை மடிக்க வந்தார். மடிக்கிறவருக்குக் கைதான் வேலை செய்யும், கண்ணுக்கு வேலை இல்லை. சும்மா இருக்கும் கண்ணால் படித்தார். ஒருநாள் மடித்துக்கொண்டே, "சார், இதுல போட்டிருக்கிற தேதி ஞாயித்துக்கிழமையே இல்லையே" என்றார். கோதண்டபாணி ஓடிப்போய் மெஷினை நிறுத்தினார். மறுநாளிலிருந்து மடிக்க வேறு ஆள் வந்தது.

கீழிருந்து மேலே படிக்கும் வழக்கத்தை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைக் கற்றுத் தந்தது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். இறந்தவரின் வயதைப் பார்ப்பார். சின்ன வயதாக இருக்கும். கீழே 'அன்பு மகள்' என்று ஒரு பெயர் இருக்கும். அமல்ராணியின் கண் கலங்கிவிடும். கலங்கின கண்ணுக்குப் பிழை எங்கே தெரியும்? விஷயம் மனசுக்குள் போனால்தானே இந்த வம்பு என்று கடைசிச் சொல்லிலிருந்து பின்பக்கமாகப் படித்துப் பார்த்தார். யார் செத்தார், யாருக்குக் கல்யாணம் என்று எதுவும் தெரியவில்லை. எழுத்து மட்டும் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் புரூஃபில் ஒற்றெழுத்துகூடத் தப்பியதில்லை. ஒரே குறை, அச்சகத்தில் அடித்த பத்திரிகைகளில் எந்தப் பெண்ணுக்கு எந்த மாப்பிள்ளை என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

கையேட்டுக் கதை பிறகு வந்தது. அச்சகத்தில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்த பையன் சென்னைக்குப் போய்விட்டான். அவன் பயன்படுத்திய மென்பொருள் திருட்டுப் பிரதி என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. கோதண்டபாணிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. யாரோ சொல்லி, எல்லோரும் சேர்ந்து எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிற கட்டற்ற மென்பொருள் ஒன்றை இறக்கிவைத்தார். அதை அவர் 'ஓசி' என்றுதான் சொல்வார். ஓசியை இயக்க ஆள் கிடைக்கவில்லை. அமல்ராணி தாமே கீபோர்டு முன்னால் உட்கார்ந்தார்.

அவருக்கு ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாகப் பிழை பிடிக்கத் தெரியும், பொருள் தெரியாது. நல்லவேளையாக அந்த மென்பொருளுக்குத் தமிழில் ஒரு கையேடு இருந்தது. யாரோ தென்னரசு என்பவர் எழுதியது. "இந்தப் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் வெடிக்காது, தைரியமாக அழுத்துங்கள்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். இன்னொரு இடத்தில், "பெட்டியை இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், அது தானாக நிற்கும்" என்று இருந்தது. அமல்ராணி அப்போது உண்மையிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். எழுதினவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது போல அவருக்குத் தோன்றியது.

இப்படி நல்லபடியாக எழுதின மனிதர், எழுத்துப்பிழையும் அதே தாராளத்தோடு செய்திருந்தார். மூன்று சுழி ண வரவேண்டிய இடத்தில் இரண்டு சுழி, வல்லின ற வரவேண்டிய இடத்தில் இடையின ர, ஒற்று இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. அமல்ராணி கற்றுக்கொள்ளும் அவசரத்தில் முதலில் பொறுத்துப்போனார். வேலை பழகியபின் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இப்பக்கத்தைத் திருத்துக' என்று ஒரு பொத்தான் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மெஷின் சூடு தணிகிற நேரத்தில், தினமும் ஒரு பக்கமாகத் திருத்தத் தொடங்கினார். ஒவ்வொன்றை அனுப்பும்போதும், 'தமிழ்ப் பொறுப்பாளரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்று பதில் வரும். பொறுப்பாளர் என்று போட்டிருந்ததும் தென்னரசு பெயர்தான். சரியான முறைதான் என்று அமல்ராணி நினைத்துக்கொண்டார். அச்சகத்திலும் அப்படித்தான். காத்திருந்தது, காத்திருந்தது, காத்துக்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை மென்பொருள்காரர்களிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. மயிலத்தில் கல்லூரிக்குப் போகும் மகள் லூசியாவிடம் சாயங்காலம் போனில் காட்டினார்.

"அம்மா, புது வெர்ஷன் வரப்போவுதாம். தமிழ்ப் பொறுப்பாளரு இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் பாத்து ஓகே குடுக்கணுமாம். குடுக்கலைன்னா புதுசுல தமிழ்க் கையேட்டை எடுத்துடுவாங்களாம்."

"எடுத்துடுவாங்கன்னா?"

"எடுத்துடுவாங்கன்னா இருக்காது. இங்கிலீஷ்தான்."

அமல்ராணி கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தத் தென்னரசு இன்னா சொல்றாராம்?"

"அவரு பதிலே போடலையாம். அதான், நீதான் இவ்ளோ திருத்தியிருக்கியே, உன்னையே பொறுப்பாளரா ஆக்கிடறோம்னு எழுதியிருக்காங்க. இதோ பாரு பட்டன். அமுக்கினா போதும். உன் திருத்தத்தை நீயே ஓகே பண்ணிக்கலாம். பிரச்சினை முடிஞ்சுது."

"நானே திருத்தி நானே ஓகே பண்ணிக்கினா அதுக்குப் பேரு இன்னாடி?"

"அதுக்குப் பேரு ஈஸி."

லூசியாவின் விரல் பொத்தானை நோக்கிப் போனது. அமல்ராணி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

அச்சகத்தில் மெஷினுக்கு மேலே ஒரு அட்டை தொங்குகிறது: 'கையெழுத்து இல்லாத புரூஃப் மெஷினுக்குப் போகாது'. அமல்ராணி வருவதற்கு முன்பே மாட்டியது. பக்கத்து பிரம்மதேசம் ஊர்க்காரர் ஒருவர் கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் பெயரில் ஒரு எழுத்தைக் கூடுதலாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அப்போதிருந்த புரூஃப்காரர் அதைப் பிழையென்று எடுத்துவிட்டார். அது எண் கணிதக்காரர் நாள் பார்த்துச் சேர்த்த எழுத்து. பெண் வீட்டார் வேனில் வந்து இறங்கினார்களாம். அதிலிருந்து, மேட்டர் கொடுத்தவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அச்சு. எவ்வளவு அவசரமானாலும் திருத்தினவர் கையெழுத்துப் போடக்கூடாது.

மறுநாள் விஷயத்தைக் கேட்ட கோதண்டபாணி தலையில் கை வைத்தார்.

"இது இன்னாம்மா பேஜாரு? அவங்களே அமுக்குன்னு சொல்றாங்க. அமுக்கிட்டுப் போவியா..."

"அப்படின்னா நாளைக்கு முத்திருளாண்டி வீட்டுப் பத்திரிகையிலயும் நானே கையெழுத்துப் போட்டுடட்டுமா சார்?"

கோதண்டபாணி அட்டையைப் பார்த்தார். அவர் கையால் எழுதிய அட்டை. "என் எழுத்தைக் காட்டியே என்னை மடக்கு" என்று முனகிவிட்டு, "சரி, அந்த ஆளு எங்க இருக்கான்னு உனக்குத் தெரியுமா? அமெரிக்காவா, சிங்கப்பூரா?" என்றார்.

"விழுப்புரம் சார்."

"எப்படித் தெரியும்?"

அட்டவணை போடுவதைப் பற்றிய பாடத்தில் உதாரணமாக ஒரு விலைப்பட்டியல் இருந்தது. எல்லாம் பேட்டரி வகைகள். லெட்டர்பேடு அமைக்கும் பாடத்தில் ஒரு படம் இருந்தது. படத்துக்குள், கொசு அளவு எழுத்தில், 'தென்னரசு பேட்டரி செண்டர், திருச்சி ரோடு, விழுப்புரம்'. உதாரணப் படத்துக்குள் இருக்கும் முகவரியை எந்த வாசகரும் படிப்பதில்லை. அமல்ராணி படித்திருந்தார். அதிலும் ஒரு பிழை இருந்தது, சென்டருக்கு மூன்று சுழி. படமாகிவிட்டதால் திருத்த முடியவில்லையே என்று ஒரு வாரம் வருத்தப்பட்டதால் முகவரி மனப்பாடம். அதிலிருந்த லேண்ட்லைன் எண்ணுக்கு அடித்துப் பார்த்தார். உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

கோதண்டபாணி யோசித்தார். "வியாழக்கிழமை விழுப்புரத்துல ஒரு பத்திரிகைக் கட்டு டெலிவரி குடுக்கணும். நீயே எடுத்துக்கினு போ. லீவு இல்ல, டூட்டிதான்" என்றார். அந்தக் கட்டை எடுத்துப்போக அச்சகத்தில் டிவிஎஸ் எக்ஸெல் வைத்திருக்கும் ஆள் ஒருவர் இருந்தார் என்பதை இருவருமே சொல்லவில்லை.

அமல்ராணி திருத்திய பக்கங்களையெல்லாம் அச்சடித்தார். காகிதம் வீணாகக் கூடாதென்று, ஒரு பக்கம் அச்சாகிக் கழிந்துபோன நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் அடித்தார். பழைய பிழை எங்கே இருந்தது, எப்படி மாறியது என்பதைச் சிவப்புப் பேனாவால் ஓரத்தில் குறித்தார். ஸ்கேலையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

கட்டைக் கொடுக்க வேண்டிய வீட்டில் கொடுத்துவிட்டு திருச்சி ரோட்டில் விசாரித்துக்கொண்டு போனார். கடை இருந்தது. பெயர்ப்பலகையில் அதே பிழையும் இருந்தது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அமல்ராணிக்கு நிம்மதியானது.

வாசலில் ஆசிட் நெடி. கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்து கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார். கடைக்காரரின் மனைவி கலைப்பிரியா.

"வாங்க மேடம். எந்த வண்டிக்கு?"

"வண்டிக்கு இல்லீங்க. தென்னரசு சாரைப் பாக்கணும். அவரு கம்ப்யூட்டருக்கு ஒரு தமிழ்க் கையேடு எழுதியிருக்காரு இல்ல, அது விஷயமா..."

கலைப்பிரியாவின் கத்தி பாதி கேரட்டில் நின்றது. அவர் எழுந்து உள்பக்கம் திரும்பிக் கத்தினார்: "ஏங்க! ஜல்தி வாங்க! நீங்க எழுதினதைப் படிச்ச ஆளு வந்திருக்குதுங்க! நெசமாலுமே ஒரு ஆளு!"

ரப்பர் கையுறையோடு ஒருவர் வெளியே வந்தார். சட்டையெல்லாம் ஆசிட் தெறித்துப் பொத்தல். அமல்ராணியை மேலும் கீழும் பார்த்தார். "படிச்சீங்களா? நீங்களாவா? யாராச்சும் அனுப்பினாங்களா?"

"நானாத்தான் படிச்சேன். அதைப் பாத்துத்தான் வேலையே கத்துக்கினேன்."

தென்னரசு கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். சொந்தக் கடைக்கு பில் புத்தகம் அடிக்கப்போய் அந்த மென்பொருளைக் கற்றுக்கொண்டாராம். ஒரு பேட்டரியில் சார்ஜ் ஏறும்வரை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சும்மா நேரத்திலெல்லாம் கையேட்டை எழுதினார். முடித்துப் போட்டபின் வருஷக்கணக்கில் நல்லது கெட்டது என்று ஒரு வார்த்தை யாரும் எழுதவில்லை.

"கெணத்துல கல்லு போட்டாக்கூட சத்தம் வரும்க்கா. இதுல அதுவும் இல்ல. விட்டுட்டேன். மெயிலே தொறக்கறது இல்ல."

அமல்ராணி விஷயத்தைச் சொன்னார். நாளைக்குள் ஒப்புதல் இல்லாவிட்டால் கையேடு போய்விடும். தென்னரசு தோளைக் குலுக்கினார்.

"போனா போவுது. யாரு அழப் போறாங்க?"

"நான்" என்றார் அமல்ராணி. "புதுசுல பொத்தானெல்லாம் எடம் மாறிடுமாம். இங்கிலீஷ்ல படிச்சு எனக்குப் புரியாது. அச்சகத்துல மறுபடியும் மடிக்கிற வேலைக்குத்தான் போவணும்." பிறகு பையிலிருந்து திருத்திய பக்கங்களின் கட்டை எடுத்து நீட்டினார். "நீங்க பாத்துக் கையெழுத்துப் போடுங்க. அது போதும்."

தென்னரசு முதல் பக்கத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. இரண்டாவதைப் புரட்டினார். "இன்னாக்கா இது, ஆக்ஸிடென்ட் ஆன மாதிரி இருக்குது!"

"ஸ்பெல்லிங் மட்டும்தாங்க. வாக்கியத்துல நான் கை வைக்கலை. மூச்சைப் பிடிச்சுக்க வேணாம்னு எழுதினீங்க பாருங்க, அதெல்லாம் அப்படியே இருக்குது."

"லவ் லெட்டரே இப்படித்தான் எழுதினாரு" என்றார் கலைப்பிரியா. "நான்தான் அட்ஜஸ்ட் பண்ணிக்கினு கல்யாணம் கட்டினேன்."

"உன்னை யாரு இப்பக் கேட்டாங்க?"

ஆனாலும் அவர் படிக்கத் தொடங்கினார். மேலிருந்து கீழாக, சாதாரண மனிதர் படிப்பது போல. தான் எழுதின வேடிக்கைக்குத் தானே சிரித்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டார். நடுவில் ஒருவர் டிராக்டர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார்; "அஞ்சு நிமிஷம் இருங்க, புரூஃப் பாத்துக்கினு இருக்கேன்" என்று தென்னரசு சொன்னதைக் கேட்டு அவர் மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

கட்டில் பாதிக்கு மேல் தாண்டியிருக்கும். பேனா நின்றது.

"அக்கா, இந்தப் பக்கத்தைப் படிச்சீங்களா?"

"ஒரு சொல்லு விடாமப் படிச்சேன்."

"இன்னா எழுதியிருக்குது?"

அமல்ராணி காகிதத்தை வாங்கி, நெடுங்காலத்துக்குப் பிறகு ஒரு பக்கத்தை மேலிருந்து படித்தார். பிழைதிருத்தி என்னும் கருவியைப் பற்றிய பாடம் அது. 'கீழே உள்ள பத்தியில் வேண்டுமென்றே பிழைகளை வைத்திருக்கிறேன். கருவியை இயக்கினால் அவற்றின் அடியில் சிவப்புக் கோடு விழும். ஒவ்வொன்றாகத் திருத்திப் பழகுங்கள்' என்று இருந்தது. கீழே விழுப்புரம் பஸ் ஸ்டாண்டைப் பற்றி ஒரு பத்தி. அதில் தேடினாலும் ஒரு பிழை கிடையாது. அத்தனை சுத்தம்.

"என் புக்கு முழுக்க நான் தெரிஞ்சு பண்ண தப்பு இது மட்டுந்தான்" என்றார் தென்னரசு. "அதையும் திருத்திட்டீங்களே!"

கலைப்பிரியா கல்லா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். டிராக்டர்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் சிரித்தார். அமல்ராணிக்குக் காதுவரை சூடேறியது. லூசியாவின் விரல் அந்தப் பொத்தானுக்கு எவ்வளவு பக்கத்தில் போனது என்பது நினைவுக்கு வந்தது.

"இதுக்குத்தாங்க கையெழுத்து" என்றார், சின்னக் குரலில்.

"சரி விடுங்க, பழையதையே திரும்பப் போட்டுடலாம். கம்ப்யூட்டர்ல இருக்கும்" என்று தென்னரசு கடைக் கணினியைத் திறந்தார். கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. மாற்றுவதற்கான எண் அவருடைய பழைய சிம்முக்குப் போனது. அந்த சிம் கலைப்பிரியா பால்காரருடன் பேசும் பட்டன் போனில் இருந்தது. "இனிமே உங்க ஆபீஸ் வேலையெல்லாம் எங்க பால்காரரு மூலமாத்தான்" என்று கலைப்பிரியா எண்ணைப் படித்துச் சொன்னார். உள்ளே நுழைந்ததும் தென்னரசு மவுஸ் சக்கரத்தை உருட்டினார். 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்ற வரி கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. எல்லாவற்றின் பக்கத்திலும் ஒரே பெயர்.

"இத்தனை நாளா நீங்க சத்தம் குடுத்துக்கினுதான் இருந்திருக்கீங்க" என்றார். "நான்தான் கெணத்தை மூடி வச்சிருந்தேன்."

கையெழுத்தான பக்கங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தார். மிச்சப் பக்கங்களையும் படித்தார், கையெழுத்துப் போட்டார், ஒப்புதல் கொடுத்தார். டிராக்டர்காரர் இதற்குள் கலைப்பிரியாவிடமே பேட்டரியை ஒப்படைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் மட்டும் பாக்கி.

பழைய பத்தியைத் திறந்து இருவரும் பார்த்தார்கள். அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது.

"இதுல நீங்க வேணும்னு வச்ச தப்பு எதுங்க?" என்று கேட்டார் அமல்ராணி.

தென்னரசு வெகுநேரம் பார்த்தார். "இது நான் வச்சது... இதுவும் வச்சதுதான்னு நெனைக்கிறேன். இது... தப்பா?"

"அவருக்கே தெரியாதுங்க" என்றார் கலைப்பிரியா.

தென்னரசு எழுந்து நாற்காலியை அமல்ராணி பக்கம் தள்ளினார். "நீங்களே வைங்கக்கா. மக்கள் எங்கெங்க வழுக்குவாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். நான் வச்சா கணக்கு கெட்டுடும்."

அமல்ராணி உட்கார்ந்தார். வாழ்நாளில் முதல்முறையாகப் பிழையைத் தட்டச்சு செய்ய வேண்டும். முதல் சொல்லில் ஒற்றை விட்டுவிட்டு அடித்தார். மனசுக்குத் தெரியாமல் விரல் திரும்பிப்போய் ஒற்றை வைத்துவிட்டது. அழித்தார். மறுபடி அடித்தார். மறுபடியும் விரல் போய்த் திருத்தியது. "கையைக் கட்டிப் போட்டுக்கினு அடிங்க" என்றார் கலைப்பிரியா. கடைசியில் இடது கையால் வலது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றை விரலால் அடித்தார். பத்திரிகைகளில் அடிக்கடி தலைகாட்டும் பிழைகளாகப் பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் ஒன்றாக வைத்தார். முடித்ததும் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். கடைசி வரியின் கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கி, வைக்க வேண்டிய பிழை வைத்த இடத்தில் இருக்கிறதா, வைக்காத பிழை எதுவும் நுழைந்துவிட்டதா என்று மேலே மேலே போனார். பிறகு, ஒரு கணம் நிதானித்து, மேலிருந்து கீழாகவும் ஒருமுறை படித்தார்.

தென்னரசு மவுஸைப் பிடித்து ஒப்புதல் பொத்தானுக்குக் கொண்டுபோனார்.

"இருங்க" என்றார் அமல்ராணி.

கடையின் பில் பிரிண்டர் தடதடவென்று பக்கத்தைக் கக்கியது. அவர் அதைக் கிழித்து, சுருளை நீவி நேராக்கி, சிவப்புப் பேனாவை மூடிவிட்டு நீலப் பேனாவைத் திறந்து, காகிதத்தையும் பேனாவையும் சேர்த்துத் தென்னரசு முன்னால் நீட்டினார்.

"எல்லாத் தப்பும் சரியா இருக்குதான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."